ரங்கூன்காரர் கேட்ட இரண்டு நிமிடம்

1965 மே 30, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். செஞ்சி மலைப் பாறைகள் பகல் வெயிலை இன்னும் கக்கிக்கொண்டிருந்தன. கொட்டகைக்குள் காற்று அசையவில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே வந்திருந்தார்கள். தலை எண்ணினேன்: 312. பெஞ்சு தாங்குமா என்பது என் கவலை.

ஊர் ஊராகப் போகும் குத்துச்சண்டைக் கம்பெனி ஒன்றில் நான் டைம் கீப்பர். வாட்ச் பார்ப்பது, மணி அடிப்பது, விழுந்தவருக்குப் பத்து எண்ணுவது என் வேலை.

அன்று புது ஆள் மாரியப்பன். ரங்கூனில் பிறந்து, அங்கே சண்டை போட்டுச் சம்பாதித்தவர். முந்தின வருடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலேறி வந்திருந்தார். மனைவியும் மகளும் அகதி முகாமில் இருந்தார்கள். முதலாளி கோவிந்தசாமி ஒரே நிபந்தனை வைத்தார். உள்ளூர்க் கறிக்கடை ஜாபர் பாயிடம் நான்கு ரவுண்டு நின்றால் சீசன் முழுக்க வேலை. நிற்காவிட்டால் திரும்பிப் போக பஸ் சார்ஜ் மட்டும்.

இரண்டு ரவுண்டு நன்றாகவே நின்றார். மூன்றாவதில் பாயின் இடது கை தாடையில் விழுந்தது. மாரியப்பன் மல்லாந்தார். எண்ண ஆரம்பித்தேன். ஐந்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எழவில்லை. எட்டில் காலை வசதியாக நீட்டிக்கொண்டார். பத்து. மணி அடித்தேன்.

பிறகுதான் வேடிக்கை. எழுந்து தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தார். வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, கிளவுஸைத் தட்டியபடி நடுவில் வந்து நின்றார்.

"இன்னாய்யா, தோத்துட்டு திரும்பி வந்து நிக்கிற?" என்றார் முதலாளி.

"தோத்தேனா? ரெண்டு நிமிஷம் ஓய்வு எடுத்தேன் முதலாளி. அடிபட்டு விழுந்தா ஒரு தடவை ஓய்வு உண்டே?"

"எந்த ஊர்ல?"

"ரங்கூன்ல."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "ஐந்திலேயே கண் திறந்தீர்களே, எழுந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எழுந்திருக்கலாம் சார். கிடைக்கிற ஓய்வை ஏன் விடணும்னு படுத்துட்டேன்." அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது போலும். முகம் வெளுத்துவிட்டது. "இங்க அது கிடையாதா? பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டுப் போறேன்னு முகாம்ல சொல்லிட்டு வந்தேனே!"

முதலாளி சட்டைப்பையில் பஸ் சார்ஜ் தேடினார். கூட்டத்தில் ஒருவர், "பாய், அந்த ஆளு வந்து நிக்குறான், நீ இன்னா வேடிக்க பாக்குற? பயமா?" என்று கத்தினார்.

"பயமா? எனக்கா?" அவிழ்த்த கிளவுஸை ஜாபர் பாய் மறுபடி மாட்டினார். "என் அடி வாங்கினவன் படுத்துத் தூங்கினானாம்! இத வெளிய சொன்னா நாளைக்கு என் கடைல எவன் கறி வாங்குவான்? அடி சார் மணிய!"

முதலாளி தலையாட்டினார். அடித்தேன்.

மிச்ச ரவுண்டையும் நான்காவதையும் மாரியப்பன் நின்றே முடித்தார். பாய்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மேல்மலையனூர் பஸ் வந்து போனது. எழுந்து போனவர்கள் ஏழே பேர். "ரங்கூன் ஆளு நாளைக்கும் உண்டா?" என்று டிக்கெட் ஜன்னலில் நெருக்கினார்கள்.

முதலாளி பஸ் சார்ஜை மாரியப்பன் கையில் வைத்தார். "போய் பொண்டாட்டி புள்ளய இட்டாந்துடு. அந்த ரெண்டு நிமிஷ ஓய்வ இனிமே நம்ம விதின்னு நோட்டீஸ்ல போட்டுடறேன்."

அன்றிலிருந்து எந்த ஊரிலும் புது ஆள் வந்தால், அவர் ஊர் விதியைக் கேட்டுவிட்டுத்தான் மேடையேற்றினேன். விதி எல்லா ஊருக்கும் ஒன்று என்று நினைப்பவர் மணி அடிக்கக் கூடாது.

ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியது. ரவுண்டு நேரம் பாதியில் நிற்கும்போது, ஓய்வு நேரத்துக்குத் தனி வாட்ச் வேண்டும். "மனசுல எண்ணிக்கயேன்" என்றார் முதலாளி. மனம் கேட்கவில்லை. விழுப்புரம் போய் பழைய வாட்ச் ஒன்று வாங்கினேன். பஸ் சார்ஜ் சேர்த்து 46 ரூபாய் 50 காசு.