முத்துவுக்குப் பலராமன் கொடுத்த கதவு

குழாயடியில் குடம் பாதி நிரம்பியிருந்தது. முனுசாமி ரிக்‌ஷாவை ஓரங்கட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

"பெரீம்மா, நாய்க்கார நைனா பூட்டாரு."

"எந்த நைனா?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"நம்ம பலராம நைனாதான். கார்த்தால காபி எட்துகினு போயிருக்காங்க, எய்ந்திருக்கலயாம். தூக்கத்துலயே பூட்டாரு."

குடத்தை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். எனக்குப் பின்னால் நின்றவள் என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்துக்கொண்டாள். அவள் யார் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கும்.

மந்தைவெளியில் எங்கள் தெருக்கோடி வீட்டில் இருந்த பலராமனிடம் குட்டி வாங்கினவர்களுக்கும், கேட்டுக் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கூடத்தில் மரப் பெஞ்சில் அவரைக் கிடத்தி, நாய்க் கண்காட்சியில் வாங்கின வெள்ளிக் கோப்பைகளைத் தலைமாட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். மாலை கொண்டுவந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "வெள்ளை நாய்னா பலராமன்தான்." என் சம்பந்தி அதை எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். அந்தக் கோப்பைகளை அவர் வருஷக்கணக்காகக் கோணிப்பைக்குள் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் நான் சொல்லாவிட்டால் அவர் வெள்ளை நாய்க்காரராகவே போய்விடுவார்.

ஒரு காலத்தில் அவர் அப்படித்தான் இருந்தார், அதையும் மறைக்க வேண்டாம். ராஜபாளையத்துப் பக்கத்துக்காரர், நூல் ஏஜெண்டு. சாயங்காலம் பீமா என்ற ஆண் நாயைப் பிடித்துக்கொண்டு லஸ் வரை நடப்பார். பீமா உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். நாயைப் பார்த்து எதிரில் வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். அவரோ தம்மைப் பார்த்து ஒதுங்குவதாக நினைத்துக்கொள்வார். வீட்டில் குட்டி போட்டால் மறுநாள் காலை வெயிலில் துவைத்த வேட்டியை விரித்து, ஒவ்வொரு குட்டியாக அதன்மேல் விடுவார். "வேட்டி எது, குட்டி எதுன்னு தெரியக் கூடாது" என்பார். காதோரம் மிளகளவு கறுப்போ முதுகில் பழுப்போ தெரிந்தால் அதற்கு மறு என்று பெயர். மறு விழுந்த குட்டி சாயங்காலம் கூடையில் இருக்காது. எங்கே போயிற்று என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. அவர்கள் பக்கம் தலைமுறையாக அப்படித்தான் என்றார்கள். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து வெள்ளையை எடுப்பது, அதில்தான் பெருமை.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்த வருஷம் என் மகன் சேகர் அவரிடம் ஒரு குட்டி வாங்கினான். வாங்கச் சொன்னவர் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், தி. நகரில் துணிக்கடை. "வாங்கினா சுத்த வெள்ளையா வாங்கணும் தம்பி. வீட்டுக்கு வாறவன் வாசல்லயே மதிக்கணும்லா" என்றார். குட்டியைக் கொடுக்குமுன் பலராமன் எப்போதும் ஒரு சோதனை செய்வார். பலகைப் பெட்டிக்குள் குட்டியை விட்டு, பெட்டி விளிம்பில் பித்தளைத் தாம்பாளத்தை நிறுத்தி, பின்பக்கமிருந்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். எங்கள் குட்டி துள்ளித் திரும்பியது. "பாம்புச் செவி" என்றார் மீசையைத் தடவிக்கொண்டு.

முத்து என்று பேர் வைத்தோம். கூப்பிட்டால் வராது. சேகர் திமிர் என்றான், செருப்பால் அடித்தான். தெருவில் பின்னாலிருந்து சைக்கிள் உரசிப் போனால் கயிறு அறுகிற மாதிரி பாயும். முன்னாலிருந்து வருகிற சைக்கிளைச் சட்டை செய்யாது. படுத்திருக்கும்போது யார் கை பட்டாலும் முதலில் பல்தான் வரும். முகத்தைப் பார்த்த பிறகு வால் ஆடும். பல்லுக்கும் வாலுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு நொடியில்தான் சம்பந்தி காலை வைத்தார்.

என் மகளுக்கு அப்போது ஏழு மாசம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேச வந்தவர், நடையில் தூங்கின நாயைத் தாண்டினார். ஆடுசதையைப் பிடித்துவிட்டது. கடித்தது நாய், குரைத்தது சம்பந்தி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று டாக்டர் சொன்னதும், "நாயைக் கொன்னாச்சுன்னு சேதி வந்த பொறவுதான் என் மருமக உங்க வாசல்ல காலை வைப்பா" என்று சொல்லிவிட்டார்.

நேரே பலராமன் வீட்டு வாசலுக்குப் போனேன். "உங்க நாய் என் சம்பந்தியைக் கடிச்சு வெச்சிருக்கு. வந்து இழுத்துட்டுப் போங்க."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் வீட்டு நாய் கடிக்காதும்மா. கடிச்சா அது வளர்த்த லட்சணம்."

"நான் நாலு பிள்ளை வளர்த்தவ. ஒண்ணும் யாரையும் கடிச்சதில்லை" என்றேன். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வளர்த்த லட்சணம் என்ற அந்தச் சொல்லை நான் இன்னும் செரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவரே வந்தார். முத்து கொல்லையில் மணல் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். கை தட்டினார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் குலுக்கினார். ஒரு முடி அசையவில்லை. அவர் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த தந்தியைப் பிரிக்கிறவர் முகம். பிறகு ஒரு பலகையை எடுத்து அதன் நுனியை நாயின் வயிற்றோரம் மெதுவாகச் செருகினார். மறு நுனியில் தட்டினார். முத்து விருட்டென்று எழுந்து திரும்பியது.

"பெட்டி" என்றார். "பெட்டிதான் சொல்லியிருக்கு. தாம்பாளம் இல்ல. மரத்துல வந்த அதிர்வுக்குத்தான் எல்லாக் குட்டியும் திரும்பியிருக்கு."

அந்த மல் வேட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். "தப்பு என்னுதுடா. அதுக்கு உன்னைப் போட்டு அடிச்சாங்களா?" என்று நாயிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே மிருக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சேகரிடம் சொன்னார். "காதுக்குள்ளயும் கொஞ்சம் நிறம் வேணுமாம் தம்பி. அங்கயும் வெளுத்துட்டா பிறந்த சில வாரத்துலயே கேக்கிற சக்தி செத்துப்போகுமாம். வெள்ளை எல்லாத்துக்கும் அப்படி இல்ல. பீமாவுக்கு நல்லாவே கேக்கும். ஆனா வெள்ளையோட வெள்ளையையே சேர்த்துக்கிட்டே போனா இப்படித்தான் பிறக்கும். மறு மறுன்னு நான் ஒதுக்கினது காதைத்தான் போல." பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் முத்து இருக்க வேண்டாம் என்று அவரே சொல்லி, தம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சம்பந்தியைச் சமாதானம் செய்ய நானும் அவரும் பஸ் ஏறி தி. நகர் போனோம். காலில் கட்டோடு சம்பந்தி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"கடிச்சது நாய் இல்ல அண்ணாச்சி, நான்தான்" என்றார் பலராமன்.

"அப்ப பதினாலு ஊசியும் உமக்குல்லா போடணும்!" கடை ஆட்கள் சிரித்தார்கள். சம்பந்திக்கும் கொஞ்சம் மனசு இளகிவிட்டது. "சரி, நாயைக் கொல்ல வேண்டாம். மருமகளையும் அனுப்புதேன். எனக்கு ஒண்ணு செய்யும். உம்மகிட்ட வாங்கின என் பொட்டை நாய் ராணியை உம்ம பீமாவோட சேர்த்துவிடும். கடைக்கு வாற பெரிய மனுசங்க நாலு பேருக்கு வெள்ளைக் குட்டி தாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

நான் பலராமன் வாயைப் பார்த்தேன். சரி என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"பீமா இனிமே எதோடயும் சேராது அண்ணாச்சி."

"நான் சொல்லுதது உமக்குக் கேக்குதா?"

"எனக்குக் கேக்குது. பிறக்கிறதுக்குக் கேக்காது."

சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "பாத்தீயளா? உங்க மகளைவிட இவருக்கு நாய்க்குட்டி பெருசு."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "இப்போதைக்குச் சரின்னு சொல்லிட்டு, பிரசவம் முடிஞ்சப்புறம் மறுத்திருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

என் மகள் தி. நகரிலேயே பிள்ளை பெற்றாள். பெற்ற தாய் நான் சாத்துக்குடிப் பையோடு விருந்தாளி மாதிரி வெளியே காத்திருந்தேன். உள்ளே அவள் அம்மா அம்மா என்று கத்தினது கேட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதற்குச் சம்பந்தியையும் மன்னிக்கவில்லை, பலராமனையும் மன்னிக்கவில்லை. எதிரில் வந்தால் எதிர்ச்சாரிக்குப் போவேன்.

அவரைப் பற்றி முனுசாமிதான் கேட்காமலே சொல்வான். "நைனா ஊரெல்லாம் சுத்திகினு கீறாரு பெரீம்மா. அடையாறு, திர்லிக்கேணின்னு குட்டி குட்த்த வூட்டுக்கெல்லாம் போயி சாவியை ஆட்டிப் பாக்குறாரு. அடையாத்துல ஒரு வூட்ல நாயே இல்ல. கடிக்குதுன்னு சவுக்குத் தோப்பாண்ட வுட்டுட்டு வந்துட்டாங்களாம். நைனா அந்த வாசல்லயே குந்திகினாரு. எழுப்பிக் கூட்டிகினு வர்றதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துச்சு."

அந்த வாரம்தான் கோப்பைகள் பரணுக்குப் போயின. பிறகு ஊர்ப் பக்கமிருந்து காது நன்றாகக் கேட்கிற, பழுப்புத் திட்டுள்ள ஒரு நாயைக் கொண்டுவந்து தம் பெண் நாயோடு சேர்த்தார். மறுபடி முற்றத்தில் வேட்டி விரித்ததை நான் தெருவிலிருந்தே பார்த்தேன். திட்டுத் திட்டாகக் குட்டிகள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "என்ன மாமா, நாயா கன்னுக்குட்டியா?" என்று கேலி செய்தார். "காது கேக்கிற கன்னுக்குட்டி" என்றார் பலராமன். அந்த ஈற்றில் ஒரு குட்டிகூடக் கூடையிலிருந்து காணாமல் போகவில்லை.

பேத்திக்கு நடை வந்த சமயம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். "அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போகக் கூடாது என்று நினைத்தேன். கால் போயிற்று.

கூடத்தில் தரைமேல் ஒரு பழைய மரக்கதவு படுக்கை வாட்டில் கிடந்தது. அதன் ஒரு கோடியில் முத்து தூங்கிக்கொண்டிருந்தது. "இந்தக் கோடியில ரெண்டு தட்டு தட்டுங்க. சிமெண்டுத் தரை ஒண்ணும் சொல்லாது. மரம் சொல்லும்" என்றார். குனிந்து தட்டினேன். முத்து தலையைத் தூக்கியது. பல் வரவில்லை. என்னைப் பார்த்தது, நிதானமாக எழுந்து வந்து என் பாதத்தை முகர்ந்துவிட்டு வாலாட்டியது.

கையை இப்படி வீசினால் வரும், உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும் என்று செய்து காட்டினார். தெருவில் சுவரோரமாக நடத்த வேண்டும், பின்னால் வருகிறவர்களை முதலில் நாம் பார்க்க வேண்டும் என்றார். "பேத்தியையும் இவனையும் எப்பவும் தனியா விடாதீங்கக்கா. காது கேக்காததும் பேசத் தெரியாததும் சேர்ந்தா, தப்பு யாருதுன்னு அப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

"என் மக தலைப்பிரசவம் போச்சே" என்றேன்.

குழந்தையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். "கதவை நாளைக்கு அனுப்பறேன்" என்றார்.

கதவையும் முத்துவையும் சேர்த்தே அனுப்பினார். கதவை ரிக்‌ஷாவில் குறுக்கே கட்டி இழுத்துவந்த முனுசாமி, "இன்னா பெரீம்மா, நாய்க்குத் தனி வூடா? கதவு கீது, செவுரு எங்க?" என்றான். முத்து அந்தக் கதவில்தான் கடைசி வரை படுத்தது. அதற்குப் பிறகு யாரையும் கடிக்கவில்லை. போன ஐப்பசி மழையில் செத்துப்போன அன்றைக்குப் பலராமன் வந்து, தாமே குழி வெட்டினார். அன்றைக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

கேட்காததை வைத்துக்கொண்டிருக்கிறேன். விடமாட்டேன். கதவையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். சேகர் அதை விறகுக்குப் போடலாம் என்றான். தொட்டால் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்று சொல்லியிருந்தால் என் மகள் என் வீட்டில் பெற்றிருப்பாள், ராணியின் வயிற்றில் இன்னும் பல முத்துக்கள் பிறந்து அடி வாங்கியிருக்கும். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு இருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அவர் போன அன்றைக்குக் கூடத்தில் கூட்டம் விலகினதும் அவரிடம் போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சுற்றிலும் அந்தக் கோப்பைகள். தூங்குகிறவர் பக்கத்தில் சொல்லாமல் போகக் கூடாது. பெஞ்சின் கால்மாட்டில் குனிந்து கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். யாரோ, பாவம் கிழவிக்குத் தள்ளாமை என்று என் தோளைப் பிடித்தார்கள்.

மரம் சொல்லியிருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.