பொட்டு வைத்த படங்கள்

என் தாய்மாமா படம் வரைகிறவர் என்பது பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்; அவர் வாழ்ந்த கொழும்பில்தான் யாருக்கும் தெரியாது. பகலில் ஒரு கடையில் பெயர்ப்பலகைகள் எழுதுவார். மிச்ச நேரத்தில், தோட்டத்துத் தச்சர் கொடுத்தனுப்பும் உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளில் எங்கள் மலைகளையும் ஆட்களையும் வரைவார்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. பெரிய மண்டபம் எதுவும் அவருக்கு இடம் தரவில்லை. கொழும்புப் புறக்கோட்டையில் அவர் வழக்கமாகச் சாப்பிடும் கடையின் முதலாளி, மாடியிலிருந்த அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு இடம் கொடுத்தார். பக்கத்துத் தையற்காரர் அழுக்குச் சுவரை மறைக்க வெள்ளைத் துணி தந்தார். வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமே என்று எங்கள் லயத்து வரிசைவீடுகளின் பெண்கள் ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டு, ரயிலேறிய அம்மாவிடமும் என்னிடமும் கொடுத்தனுப்பினார்கள்.

தாத்தா மட்டும் ஒன்று சொல்லியிருந்தார்: "ஒருத்தராச்சும் வாங்குறாங்களான்னு பாப்போம். இல்லாட்டி ஊருக்கு வந்து தோட்டத்துல பேர் பதிஞ்சு மலைக்கு வேலைக்குப் போ." மாமாவும் தலையாட்டியிருந்தார்.

கண்காட்சியன்று காலை மாமா கீழே நின்றிருந்த நேரத்தில், அம்மா படங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "மொதமொதலா மாட்டுற படம், பொட்டில்லாம மொட்டையா நிக்குது. வைடி." குங்குமச் சிமிழை என்னிடம் தந்தாள். படத்தின் மேலே வைத்தால் மாமா திட்டுவார் என்று, ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் சின்னதாக ஒன்று வைத்தேன்.

ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், முறுக்குத் தின்றார்கள், போனார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். மத்தியானத்துக்குள் மாமாவின் முகம்தான் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வந்தார். நெடுநேரம் ஒரே படத்தின் முன்னால் நின்றுவிட்டு, "எல்லாத்தையும் வித்துப்போட்டியளோ? நான்தான் பிந்தி வந்திட்டன்" என்றார்.

மாமா விழித்தார். "இல்லீங்களே டீச்சர், ஒண்ணுகூடப் போகல."

"அப்ப இந்தச் சிவப்புப் புள்ளி?"

விற்றுப்போன படத்துக்குத்தான் கொழும்பில் அப்படிப் புள்ளி வைப்பார்களாம். மாமா குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன்.

"எங்க அக்கா மக வச்ச பொட்டுங்க அது" என்று சொல்லி, மாமா சிரிக்கத் தொடங்கினார். டீச்சரும் சிரித்தார். சாப்பாட்டுக்கடை முதலாளி மாடிக்கே வந்து சிரித்தார். ஆனால் ஒரு பொட்டைக்கூட மாமா அழிக்கவில்லை. 'விற்பனைக்கு' என்று எழுதிப் பக்கத்தில் ஒட்டினார். சாயங்காலத்துக்குள் மூன்று படங்கள் போயின. மாமா மலைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

முதலில் வாங்கியவர் அந்த டீச்சர்தான். கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நிமிர்ந்து பார்க்கும் படம் அது. "இது ஆர்?" என்று கேட்டார். மாமா அம்மாவைக் காட்டினார். டீச்சர் அம்மாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, கைகுவித்து வணங்கினார். அம்மா தடுமாறிப்போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் ரயிலேறி ஊருக்குத் திரும்பினோம். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோவமாம்மா?"

"இல்லடி."

தன் படம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் அம்மாவின் முன்னால் நின்றவர்கள் எல்லாம் கூடைக்குள் இருந்த கொழுந்தைத்தான் பார்த்தார்கள், அவள் முகத்தை அல்ல என்பது, எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.