முட்டும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்

எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் அக்கா எட்டாவது வரை போனாள். ரெண்டு பேரையும் படிக்கவைக்க வீட்டில் தெம்பு இல்லை என்றதும் அவள் நின்றுகொண்டு, கரும்பு வெட்டப் போனாள். அப்புறம் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனிக்குப் போனாள். அதனாலேயே நான் பரீட்சையில் ஒரு தடவைகூடப் பக்கத்துப் பையன் பேப்பரை எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் அது அக்கா வெட்டிய கரும்பைத் திருடித் தின்ற மாதிரி என்று ஒரு எண்ணம்.

அப்படிப்பட்டவனிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் முதலாளி அண்ணன் சொன்னார்: "எதையும் புதுசா எழுதாத. ஏற்கெனவே எழுதி வெச்சது கீது பாரு, அத எடுத்துப் போடு."

திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில், பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தமே ரெண்டு பேர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அண்ணன், அப்புறம் நான். சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் ப்ரோகிராம் எழுதித் தருவது தொழில். கிருத்திகை அன்றைக்குக் கீழே காவடி மேளத்தில் யார் போன் செய்தாலும் காதில் விழாது. அன்றைக்குத்தான் வேலை ஓடும்.

சாயங்காலம் கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய் நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ காப்பி அடிக்கிற வேலையா?"

"காப்பி இல்ல நைனா. மறுபயன்பாடு."

"பள்ளிக்கூடத்துல அடிச்சா வெளிய தள்றான். இங்க அடிச்சா சம்பளம் தர்றானா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே போயிருப்பேனே."

நான் அதை நைனாவுக்கு விளக்க முயன்றேன். எழுதியதைத் திரும்ப எடுத்துப் போடுவதில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, அம்மா ஞாயிற்றுக்கிழமை மாவரைப்பது மாதிரி. அரிசி ஊறவைக்கும்போதே முதல் நாள் இட்லி, அப்புறம் தோசை, புளித்துப்போனால் பணியாரம் என்று கணக்குப் போட்டுத்தான் அரைக்கிறாள். இன்னொன்று, மிஞ்சிப்போன இட்லியை உதிர்த்து உப்புமா கிளறுவது. உப்புமா வேண்டும் என்று நினைத்து யாரும் இட்லி ஊற்றுவதில்லை. முதல் வகைதான் சரியான வழி, நான் அந்த வழியில்தான் போவேன் என்றேன்.

"நாளைக்கு இட்லி உப்புமா கிளறட்டுமா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

சொன்னபடியே செய்தேன். கே.ஜி.கண்டிகைப் பக்கத்து மாட்டு டாக்டர் ஒருவருக்கு நாங்கள் ஒரு ப்ரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தோம். எந்த மாட்டுக்கு என்றைக்குத் தடுப்பூசி, என்றைக்குச் சினை பிடிக்கப் போடுகிற சினை ஊசி என்று பதிந்து வைத்தால், அதுவே காலை ஒன்பது மணிக்கு மாட்டுக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பும். இந்த மெசேஜ் அனுப்புகிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, நாளைக்கு லாட்ஜுக்கும் ஆகும், நகைக்கடைக்கும் ஆகும் என்று ஒரு பொதுப்பெட்டியாகச் செய்ய ஆரம்பித்தேன். மாடு என்று எழுதக்கூடாது, உயிர் என்று எழுதினேன். லாட்ஜ் ரூமுக்கு உயிர் இல்லையே என்று யோசித்து, பொருள் என்று மாற்றினேன். மாடு எப்படிப் பொருளாகும் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் ஆனது. என் பெட்டியில் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. ஒரு மெசேஜ்கூடப் போகவில்லை.

அண்ணன் வந்து பின்னால் நின்றார்.

"தம்பி, நீ மாவரைச்சுகினே கீற. கஸ்டமர் இலையை மடிச்சிட்டு எழுந்து போய்ட்டான். கல்யாண மண்டபத்துக்காரர் நாளன்னிக்கு வர்றார். அவருக்குக் காட்ட எதுனா வெச்சிருக்கியா?"

"இன்னும் ரெண்டு வாரம் குடுத்தா..."

"மாட்டு டாக்டர் ஃபோல்டர அப்டியே காப்பி எடு. மாடு இருக்கிற எடத்துல மண்டபம்னு போடு. முடிஞ்சது."

அன்று நான் வாழ்க்கையில் முதல் முறையாகக் காப்பி அடித்தேன். முதல் கட்டத்தை மாற்றும்போது வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் பழகிவிட்டது. அவ்வளவு வேகமாக வேலை முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. 'மாட்டின் பெயர்' என்ற இடத்தில் 'மணமகள் பெயர்'. 'உரிமையாளர் கைபேசி' என்ற இடத்தில் 'பெண் வீட்டார் கைபேசி'. 'மாற்று எண்' என்ற இடத்தில் மாப்பிள்ளை வீட்டு எண். 'தடுப்பூசி தேதி' என்ற இடத்தில் 'பாக்கிப் பணம் கட்டும் தேதி'. முகூர்த்தத் தேதிக்கு இடம் தேடினேன். 'சினை ஊசி போட்ட தேதி' என்று ஒரு கட்டம் சும்மா கிடந்தது. வீணாக்க மனசு வரவில்லை, தலைப்பை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டேன்.

மண்டபத்துக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கும் ஒரு லாபம் இருந்தது. அந்த வாரம்தான் அக்காவுக்கு ஆந்திரா பார்டர் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் பால் வியாபாரம். அக்காவுக்கும் பையனைப் பிடித்திருந்தது, அவள் வாய் விட்டுச் சொன்ன அபூர்வமான விஷயங்களில் அது ஒன்று. அதே மண்டபத்தில் கல்யாணத்தை வைத்தோம். என் ப்ரோகிராமில் முதல் பதிவாக அக்கா பெயரை நானே அடித்தேன். கண் கலங்கியது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, காலை ஒன்பதே கால் மணிக்கு நைனா மாடியேறி ஆபீஸுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து போனை நீட்டினார்.

"டீக்கடையில குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் சத்தமா படிச்சிட்டான்டா."

நான் வாங்கிப் பார்த்தேன். அக்கா பெயர் போட்டு, இப்படி இருந்தது:

'வணக்கம். தங்கள் வீட்டு இன்னாருக்குக் கோமாரித் தடுப்பூசி போடவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. தவறாமல் தலைக்கயிறு போட்டு ஓட்டி வரவும். முட்டும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்.'

எனக்கு உடனே விளங்கியது. நான் திரையில் தெரிந்ததைத்தான் மாற்றியிருந்தேன். காலை ஒன்பது மணிக்குத் தானாக எழுந்து மெசேஜ் அனுப்புகிற பகுதியும் ஃபோல்டரோடு கூடவே வந்திருக்கிறது. நான் அதைக் கூப்பிடவில்லை. பந்திக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"இது யாருக்கெல்லாம் போச்சு?" என்றார் நைனா.

மாற்று எண் ஞாபகம் வந்தது. அதற்குள் நைனா கையிலிருந்த போனே அடித்தது. மாப்பிள்ளையின் நைனா. மூணே வார்த்தைதான் பேசினார்.

"பொண்ணுக்கு இன்னா நோவு?"

பஸ்ஸில் போனோம், நைனா, நான், என் மடியில் லேப்டாப். நைனா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒரே ஒரு தடவை, "ஒழுங்கா எழுதி வெச்ச அந்தப் பெட்டி இன்னாடா ஆச்சு?" என்று கேட்டார். அதற்குள் எல்லாம் இருக்கிறது, வேலை மட்டும் செய்யாது என்று எப்படிச் சொல்வது?

மாப்பிள்ளை வீட்டில் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வாசல்காலில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஊசி போடற அளவுக்கு இருந்தா முன்னாடியே சொல்லணும். மூடி மறைச்சு எத்தினி நாளைக்கு?" என்றார்.

நான் லேப்டாப்பைத் திறந்து, மாட்டு டாக்டர் ஃபோல்டரையும் மண்டபத்து ஃபோல்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இது மூலம், இது நகல், இந்த வரியை நான் மாற்ற மறந்துவிட்டேன் என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். பரீட்சையில் காப்பியே அடித்ததில்லை என்பதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. திரையில் வரிகள் ஓடியதை எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர்கூட நம்பவில்லை.

மாப்பிள்ளையின் நைனா தன் போனை என்னிடம் தந்தார். "எங்க பையன் பொண்ணு பேரு, ஊசின்னு மட்டும் சொல்லிட்டு மூஞ்சி செத்துப்போய் நிறுத்திட்டான். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நீ முழுசாப் படி, வினாலி, நான் கேக்கணும்."

படித்தேன். தலைக்கயிறு வந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினேன். முட்டும் பழக்கத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தலைக்கயிறா?" என்று அவர் ஒரு தடவை கேட்டார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏமே, இது பசுவுக்குடி! கோமாரின்றான், தலைக்கயிறுன்றான். மனுசிக்கு யாரு தலைக்கயிறு போடுவாங்க?" என்று மனைவியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பியபோது முகம் கறாராக ஆகிவிட்டது. "ஆனா தப்பா எழுதிகீற தம்பி. ஊசி போட்ட அன்னிக்கு வெயில்ல கட்டாதன்னு போடணும். அது எங்க?"

"போட்டுடறேங்க."

"எங்க வீட்டுல நாலு கீது. அதையும் எழுதிக்கோ. பொண்ணு பேர் இருக்கிற லிஸ்ட்டுல வேணாம். வேற லிஸ்ட்டு."

வாசல்காலில் நின்ற அம்மா காபி போட உள்ளே போனார். நைனா அப்போதுதான் தண்ணீர் டம்ளரைத் தொட்டார். என் உளறல் முழுக்கத் தோற்ற இடத்தில், நான் மாற்ற மறந்த அதே வரிகள் அக்காவைக் காப்பாற்றின. பாதி மாற்றி, கோமாரியையும் கயிற்றையும் எடுத்துவிட்டு ஊசியை மட்டும் விட்டிருந்தால் அன்றைக்குக் கல்யாணம் நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முட்டும் பழக்கம் இருந்தா முன்கூட்டியே சொல்லணும்னு போட்டியாமே? சொன்னியா?"

"இல்லக்கா..."

"ஏன் சொல்லல? முட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, முட்டினாள். நெற்றி ரெண்டு நாள் வீங்கியிருந்தது.

மறுநாளே மண்டபத்து ஃபோல்டரில் மாடு, பசு, ஊசி, கயிறு என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தேன். ஒன்றும் மிச்சமில்லை என்று அண்ணனிடம் சத்தியம் செய்தேன். கல்யாணம் நல்லபடி நடந்தது. மாப்பிள்ளையின் நைனா பந்தியில் என்னைக் கூப்பிட்டு, நாலு மாட்டுக்கும் மெசேஜ் ஒழுங்காக வருகிறது என்று பக்கத்து இலைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

மூன்று மாசம் கழித்து, ஒரு காலை ஒன்பதேகாலுக்கு அக்கா போன் செய்தாள்.

"டேய். எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு, உங்க பாவாவுக்குத் தெரியும். உன் ப்ரோகிராமுக்கு யாருடா சொன்னது?"

"இன்னாக்கா சொல்ற?"

"'தொண்ணூறு நாள் நிறைந்தது. சினை பார்க்க ஓட்டி வரவும். தாமதித்தால் பருவம் வீணாகும்.' எங்க மாமியார் பக்கத்து வீட்டுப் பொண்ண வெச்சுப் படிச்சாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் சிரிச்சிட்டேன். தெரிஞ்சிபோச்சு. ஒரு வாரம் கழிச்சி சொல்லலாம்னு ஆசையா வெச்சிருந்தன்டா, பாவி."

சந்தோஷப்படுவதா, ஓடுவதா என்று தெரியவில்லை. அந்த மெசேஜில் மாடு என்ற சொல்லும் இல்லை, ஊசி என்ற சொல்லும் இல்லை, அதனால் என் தேடலில் சிக்கவில்லை. முகூர்த்தத் தேதியை நான் எந்தக் கட்டத்தில் போட்டு வைத்தேன் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த முகூர்த்த மாசத்தில் அதே மண்டபத்தில் நடந்த மற்ற கல்யாணங்கள் வரிசையாக என் கண் முன்னால் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறாம் நாள் வந்துகொண்டிருந்தது. முதல் வேலையாக அதை நிறுத்தினேன்.

நிறுத்துவதற்குள் இன்னும் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. மத்தியானம் மண்டபத்துக்காரர் மாடியேறி வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, அந்தத் தொண்ணூறு நாள் மெசேஜு..."

"மன்னிச்சிடுங்க, எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்த? அவங்க வீட்டுலேர்ந்து வந்து வளைகாப்புக்கு மண்டபம் கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு இது தோணவே இல்லியே!"

அண்ணன் நாற்காலியைத் திருப்பி, கண் இமைக்காமல் சொன்னார்: "எல்லாம் ப்ளான் பண்ணதுதாங்க."

நான் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன். குழந்தைக்காக ஏங்கிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு இப்படி மெசேஜ் போகக்கூடாது. வீட்டு விசேஷம் எதுவானாலும் மண்டபம் கிடைக்கும் என்று பொதுவாகப் போடலாம். ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்காக என் பழைய பொதுப்பெட்டியைத் தூசிதட்டி எடுத்து, உலகத்தையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, மாட்டுக்கும் மண்டபத்துக்கும் மட்டும் ஆகிற மாதிரி சின்னதாக்கினேன். ரெண்டே நாளில் ஓடியது.

அக்காவின் வளைகாப்பும் அதே மண்டபத்தில்தான். மெசேஜ் போவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினேன். அது அவள் போட்ட சட்டம்.

"ஓட்டி வரவும் இல்லையே?"

"அழைத்து வரவும்னு போட்டுகீறேன்."

"கயிறு?"

"இல்லக்கா."

"முட்டறது?"

"அதையும் எடுத்துட்டேன்."



"அத மட்டும் ஏன்டா எடுத்த? அது உண்மதான?" என்றாள்.