முப்பத்தோரு அங்குலக் கதவு

கெசையா டட்டில் என்பவள் தன் பெயரை எழுதத் தெரிந்தவள். அந்தத் திறமையைக் கடைசிவரை ஒரே ஒரு தாளில் மட்டும் காட்ட மறுத்தாள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டோரம் ஓடையில் அவளுக்கு ஒரு மர அறுவை ஆலை இருந்தது. இரண்டடிக்கு மேல் பருத்த வெள்ளைப் பைன் மரமெல்லாம் இங்கிலாந்து அரசனுடையது என்பது சட்டம். கடல் கடந்து இருக்கும் அரசனுடைய போர்க்கப்பலுக்குப் பாய்மரம் வேண்டுமாம். அதிகாரி வந்து கோடரியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி போட்டுவிட்டால், உன் வயல் நடுவில் நிற்கும் மரமும் உன்னுடையதல்ல. அந்தக் காடு அதற்கு முன்னே அபனாகிப் பழங்குடி மக்களுடையது. அவர்களிடம் அரசனும் கேட்கவில்லை, கெசையாவின் ஆட்களும் கேட்கவில்லை. பறிகொடுக்கும் முறை தங்களுக்கு வந்தபோதுதான் இவர்களுக்கு நியாயம் என்ற சொல் ஞாபகம் வந்தது.

அதனால் ஊரில் ஒரு வழக்கம். ரம்பத்திலிருந்து அகலப் பலகை விழுந்தால், மரத்தின் பருமன் தெரியாதபடி உடனே நடுவில் பிளந்துவிடுவார்கள். தரை, மேசை, சவப்பெட்டி, எல்லாவற்றிலும் நடுவே ஒரு கோடு. கெசையாவின் கணவன் ஜோத்தமும் அப்படிப் பிளந்தே வாழ்ந்தவன். ஒரு மார்கழிக் காலையில் முழுப் பலகை ஒன்று பிளக்காமல் கிடந்தபோது குளம்புச் சத்தம் கேட்டது. உறைந்த ஆலைக்குளத்தின் மேல் அதை இழுத்துப்போய் ஒளிக்கப் பார்த்தான். பனிக்கட்டி உடைந்து அவனை விழுங்கியது. வந்தவன் அதிகாரியல்ல, ஊசி விற்கும் வியாபாரி.

அடக்கம் முடிந்த மறுநாளே கெசையா அந்தப் பலகையைச் சாலை பார்த்த ஆலை வாசலுக்குக் கதவாக மாட்டினாள்.

1771 இலையுதிர் காலத்தில் அரசனின் வனக் கண்காணிப்பாளர் ஃபென்விக் வந்தார். மற்ற ஆலைக்காரர்களிடமும் மரம் இழுத்த வண்டிக்காரர்களிடமும் ஏற்கெனவே மன்னிப்புத் தாளில் கையெழுத்து வாங்கியாயிற்று. அவர்களில் ஒருவனான வண்டிக்கார ஆப்னர் கோல்பியும் தன் மாட்டு வண்டியோடு கூடவே வந்து தலையைக் குனிந்து நின்றான். ஃபென்விக் கதவில் அளவுகோலை வைத்தார்.

"முப்பத்தொண்ணு அங்குலம்."

"முப்பத்தொண்ணேகால். சரியா அளங்க துரை, அரசருக்குக் கால் அங்குலம் நஷ்டமாயிடப் போகுது."

அவர் தாளை நீட்டினார். "'தெரியாமல் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும்.' கீழே பேரை எழுது. ஆலை உனக்கு. இல்லேன்னா ரம்பத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போவேன்."

ஆப்னர் மெதுவாகச் சொன்னான்: "போட்டுடு அக்கா. லண்டன்ல நம்ம மாகாணப் பிரதிநிதி அரசர்கிட்ட மனு கொடுத்திருக்காராம். பதில் வர்ற வரைக்கும்..."

"அவர் மனு கொடுத்து ஒண்ணரை வருஷம் ஆச்சு தம்பி. கப்பல்ல அந்தப் பதில் வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடக்குதா?"

ஃபென்விக் பொறுமை இழந்தார். "ஒரு வரி பொய்தானே? அதுக்கா சோத்தை இழக்கிறே?"

"பொய்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இப்ப நான் சொல்றதை எழுதுங்க. தெரிஞ்சேதான் வெட்டினோம். என் வேலிக்குள்ள நின்ன மரம். 'தெரியாம, மன்னிக்கவும்'னு நான் எழுதினா மரம் அரசரோடதுன்னு ஆகும், என் புருஷன் திருடனா செத்ததா ஆயிடும். எழுத மாட்டேன்."

"அதை எழுத இந்தத் தாள்ல இடமில்லை."

"பெரிய தாளா கொண்டாந்திருக்கணும்."

அவர் கோடரியால் கதவில் மூன்று வெட்டு வெட்டினார். ரம்பத்தைக் கழற்றினார். ஏழடி இரும்பு. "வண்டியைக் கொண்டா," என்றார் ஆப்னரிடம்.

ஆப்னர் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மாடு நொண்டுதுங்க துரை."

"இப்ப நடந்துதானே வந்துச்சு?"

"இப்பத்தாங்க நொண்டிச்சு."

விசாரித்தால் ஊரில் பதினோரு வண்டிகளின் மாடுகளுக்கும் அன்று நொண்டல். ஃபென்விக் ரம்பத்தைக் குதிரைமேல் குறுக்காகக் கட்டிப் புறப்பட்டார். காட்டுப் பாதையில் அது இருபக்க மரங்களிலும் இடித்தது. அரசனின் மரங்கள் அரசனின் ஆளுக்கே வழிவிடவில்லை. இறங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் திட்டிக்கொண்டே நடந்தார்.

ஊராரின் சிரிப்பு அடங்கியதும் ஆலையின் மௌனம் கேட்டது. அந்தக் குளிர்காலம் கெசையாவின் பானையில் மக்காச்சோளக் கூழைத் தவிர வேறொன்றும் கொதிக்கவில்லை. ரம்பம் திரும்பி வரவே இல்லை.

பனி உருகியதும் ஆப்னர் ஒரு நீளக் கைரம்பத்தோடு வந்து நின்றான்.

"நான் போட்ட அந்தக் கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியுமா அக்கா?"

"முடியாது. அறுவைப் பள்ளத்துல இறங்கு."

பள்ளத்தின் மேல் பருத்த பைன் ஒன்றைக் குறுக்கே கிடத்தினார்கள். அவள் மேலே நின்று இழுத்தாள். அவன் கீழே மரத்தூளைத் தின்றுகொண்டே இழுத்தான். மாலை சாய்வதற்குள் பலகை விழுந்தது. இருபத்தொன்பது அங்குலம். பழக்கதோஷத்தில் ஆப்னர் ஆப்பை எடுத்து நடுவில் வைத்தான்.

"பிளக்கட்டுமா?"

"பிளந்துதான் பாரேன்," என்றாள் கெசையா, கோடரியைக் கையில் எடுத்தபடி.

அவன் ஆப்பை ஓடையில் எறிந்தான். இருவரும் பலகையைச் சாலையோரமாகத் தூக்கிப்போய், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி நிமிர்த்தி வைத்தார்கள்.