சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஒருவர்

எண்பதுகளில், மழை பொய்த்த ஒரு வருடம். பெரம்பலூரிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போன பஸ்ஸில் ஆட்களை எண்ணுகிற பொறுப்பு என்னுடையது. திரும்புகிற நேரத்தில் ஒருவர் குறைந்தார். வேப்பந்தட்டைக்காரர், கிணறு வெட்டுகிறவர். கடப்பாரையைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கியே இருக்கும். வழியில் தெரிந்த ஒவ்வொரு கிணற்றையும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டு வந்தவர்.

கூட்டத்தைக் கடந்து, யாரும் வராத சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஓடினேன். கரையில் அவருடைய சட்டையும் செருப்பும் மட்டும் கிடந்தன. எதிரே கடல். அலையோரம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"சார், இங்க வாங்க!"

தோப்போரம் இடுப்பளவு மணல்குழிக்குள் நின்றிருந்தார். கையில் கொட்டாங்கச்சி. சுற்றிலும் மணல் சரிந்துகொண்டிருந்தது.

"மொதல்ல மேல ஏறுங்க!" என்று கத்தினேன்.

அவர் கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு நீட்டினார். குடித்தேன். உப்பே இல்லை.

"கடலுக்குப் பக்கத்துலயே நல்ல தண்ணி ஊறுது சார். எங்க வூட்டுக் கெணத்துல அறுவது அடி போயும் பாறதான்."

ஒரு பாட்டிலில் அதை நிரப்பி, ஊர் வரை மடியிலேயே வைத்திருந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"கெணத்துக்குக் காட்டத்தான் சார்."

வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.