பந்தல் பச்சை

என் மேசையில் ஒரு போர் விமானம் இருக்கிறது. நீளம் ஒரு சாண். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது "பேரனுக்கு" என்று சொல்லிவிடுகிறேன். பேரன் பிறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, அதுவும் கனடாவில்.

இது நம் நாட்டிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானத்தின் மாதிரி. மாருத் என்று பெயர். கூர்மூக்கும் பின்னால் சாய்ந்த இறக்கையுமாகப் பார்க்க அவ்வளவு லட்சணம். ஆனால் அந்த உடம்புக்கு ஏற்ற எஞ்சின் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. பறக்க வேண்டிய வேகத்தில் ஒருநாளும் பறக்காமலே ஓய்வுக்குப் போய்விட்டது. அந்த எஞ்சின் கிடைத்திருந்தால்? இன்றைக்கும் அது பறந்துகொண்டிருந்தால்? இப்படி நடக்காத சரித்திரத்தைக் கற்பனை செய்து, அதற்கேற்ப மாடல் கட்டுகிறவர்கள் உலகம் பூராவும் உண்டு. நானும் அந்தக் கோஷ்டிதான். என் சரித்திரத்தில் மாருத்துக்கு நல்ல எஞ்சின் கிடைத்தாகிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்புக்கு இந்தப் பக்கம் ஒரு விமானத் தளமும் வந்துவிட்டது. அங்கிருந்து கிளம்புகிற விமானத்தை ஓட்டுவது நான்.

நிஜத்தில் நடந்தது வேறு. கல்லூரி முடித்த கையோடு விமானப்படைக்கு எழுதிப் போட்டேன். பரீட்சையில் தேறினேன், நேர்முகத்திலும் தேறினேன். பெங்களூரில் மருத்துவப் பரிசோதனை. ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள். பக்கம் பக்கமாக வண்ணப் புள்ளிகள். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறதாம். எனக்கு முன்னால் போனவன் மளமளவென்று வாசித்தான். எனக்குப் புள்ளி தெரிந்தது, எண் தெரியவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது என்பது எனக்கே அன்றுதான் தெரியும். மதுரையில் பஸ் மாறி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி மலை தெரிந்ததும் அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊரில் துக்கம் என்று விசாரித்தார். வீட்டில், உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அதையே ஊரும் நம்பியது.

அடுத்த வருஷம் கல்யாணம். என் மனைவிக்குச் சுருளிப்பட்டி. அவர்கள் வீட்டுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. மறுவீடு போனபோது மாமனார் என்னைப் பந்தலுக்குள் அழைத்துப் போய், பழுத்த கொத்தாகப் பார்த்துப் பறித்துச் சாப்பிடுங்கள் என்றார். நானும் பறித்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். "மாப்ளைக்குப் புளிப்புத்தேன் பிடிக்கும் போல" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, என் கையிலிருந்த கொத்தை வாங்கிக்கொண்டு வேறு கொத்தைப் பறித்துக் கொடுத்தாள். அன்று சாயந்திரம், "உங்களுக்கு நெறம் தெரியாதா?" என்று கேட்டாள். கூச்சமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. அதற்கப்புறம் அவளைத் தவிர யாருக்கும் அது தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. தக்காளி பழுத்ததா, காயம் சிவந்திருக்கிறதா, சட்டைக்கு இந்த வேட்டிக்கரை பொருந்துமா, எல்லாம் அவள்தான்.

மாடல் கட்ட ஆரம்பித்ததும் பெயிண்ட் கலக்குவதும் அவள் வேலையாயிற்று. பாகங்களை வெட்டுவது, ஒட்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் பாடு. இந்த மாருத்துக்கு நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். மேலேயிருந்து எதிரி பார்த்தால் விமானமும் பள்ளத்தாக்கும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அவள் அதைச் சமையலைப் போல எடுத்துக்கொண்டாள். மஞ்சளில் கொஞ்சம், கறுப்பில் ஒரு சொட்டு. சன்னலோரம் போய் ஒரு திராட்சை இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி கலக்குவாள். கடைசியில் ஒரு பாட்டிலைக் காட்டி, "இது பந்தப் பச்ச. மழைக்குப் பொறகு பாத்தா இப்பிடித்தேன் இருக்கும்" என்றாள். இன்னொரு பாட்டிலில் ஆண்டிபட்டிப் பக்கத்துச் செம்மண். முதுகு முழுக்கப் பச்சை அடித்து, நடுநடுவே செம்மண் திட்டு வைப்பதாகத் திட்டம். பச்சைப் பாட்டிலின் கழுத்தில் எனக்காக ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்தாள்.

அப்போதுதான் கேட்டாள். "இத ஓட்டுறது நீங்கதான?"

"ஆமா."

"அப்ப நான் எங்கன இருக்கேன்?"

"நீ வீட்ல இருப்ப" என்றேன்.

"எந்த வீட்ல? அந்தக் கண்ணுப் பரிச்சையில பாஸாகியிருந்தீகன்னா நீங்க இந்தப் பக்கம் எதுக்கு வாரீக? எங்கப்பா உங்களப் பாத்தே இருக்க மாட்டாக."

கோபமாகச் சொல்லவில்லை. பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள். சரித்திரத்தை இத்தனை வருஷமாகத் திருத்தித் திருத்தி யோசித்தவனுக்கு இந்தக் கணக்கு மட்டும் உதிக்கவே இல்லை.

பதில் சொல்லாமலேதான் அவளை விமானம் ஏற்றினேன். கனடாவில் மகளுக்குப் பிரசவம், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். கடையை விட்டு நான் நகர முடியாது. கொச்சிக்குக் காரில் கிளம்பினோம். குமுளி மலைப்பாதையில், பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிற வளைவில், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. கீழே பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "சரியாத்தேன் கலந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். பறக்க வேண்டும் என்று பைத்தியமாக அலைந்தவன் விமான நிலைய வாசலில் நின்றேன். ஒருநாளும் ஆசைப்படாதவள் பையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் போன பிறகு விமானத்தில் மும்முரமாக இறங்கினேன். வேறென்ன செய்ய? ஒருநாள் மேசையை ஒழுங்குபடுத்தியபோது ரப்பர் பேண்ட் கீழே கிடந்தது. வெயிலில் இற்றுப்போய் அறுந்திருக்கிறது. எந்தப் பாட்டிலிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. இரண்டையும் திறந்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை. ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்து முதுகு முழுக்க அடித்தேன்.

வீடியோவில் காட்டினேன். அங்கே ராத்திரி, பேரன் அவள் மடியில். பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இந்தாருங்க, செங்கச் சூளையே பறக்குது!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இல்லாத பிளேனுக்கு என்ன தப்பான கலரு? என் இஷ்டம்."

"பிளேனு இல்லாதது, சரி. கீழ பள்ளத்தாக்கு இருக்குல்ல?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு வீடு அத்தனை வெறிச்சென்று இருந்தது. நிறம் தெரியாத குறை எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் அவள் போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அதுவரை அவள் கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டேன். அன்று காலை வாங்கிவந்த தக்காளி பாதிக்குப் பாதி காய். முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் ஏங்கியது ஆகாயத்துக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த மேசையில் உட்கார்ந்து ஏங்கியது அவளுக்காக. அவள் கேட்டதற்கு எனக்குப் பதிலும் இருந்தது. எனக்கு அந்தச் சரித்திரமே வேண்டாம்.

மறுநாள் பெயிண்டைக் கழுவி எடுத்தேன். விமானி உட்காருகிற இடத்துக்குப் பின்னால் ரம்பத்தை வைத்தேன். ஒட்டித் தேய்த்து முடித்த உடம்பை அறுப்பதற்குக் கை கூசியது. ஆனாலும் அறுத்தேன். குழாய்த் துண்டைச் சீவி இன்னோர் இருக்கை செய்து உள்ளே பொருத்தினேன். சரித்திரத்தையும் மாற்றினேன். இதிலும் நான் கண் பரிசோதனையில் தேறவில்லை. பெங்களூரில் புள்ளிகளைப் பார்த்து முழித்தேன், கணவாய் தாண்டி அழுதேன், சுருளிப்பட்டியில் புளிப்புத் திராட்சை தின்றேன். அதில் ஒன்றையும் தொடவில்லை. நிறம் தெரியாதவனும் ஓட்டலாம், ஆனால் பின்னால் நிறம் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று விமானப்படைதான் விதியைத் திருத்திவிட்டது.

அடுத்த தடவை பேசும்போது விமானத்தைக் காட்டினேன். கேமராவுக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

"பின்னாடி அதென்ன ஓட்டை?"

"அது சீட்டு."

"யாருக்கு?"

"நெறம் சொல்ற ஆளுக்கு."

பேரன் சிணுங்கினான், அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குரல் மட்டும் வந்தது.

"நான் வர்ற வரைக்கும் பெயிண்டத் தொடாதீக."

தொடவில்லை. அவள் வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இரண்டு பாட்டிலும் மூடியே இருக்கின்றன, விமானம் வெறும் பிளாஸ்டிக்காக நிற்கிறது. சாம்பல் நிறம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இருக்கலாம். அவள் வந்து சொல்லட்டும்.