பாடகன் இல்லாத விழா

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் இன்று என் ஹெட்போன் கழன்று, பாட்டு எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

பக்கத்தில் இருந்த பெண் திரும்பினாள். "அக்கா, உந்தப் பாட்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தீவுப் பொடியன்கள் நாலு பேர் சொந்தமாக எழுதி, யூடியூபில் போட்ட பாட்டு. கேட்டவர்கள் மிகக் குறைவு. அடுத்த மாதம் யாழ்ப்பாணத்து இசைவிழாவில் பாடுகிறார்கள், அதற்காகவே காத்திருக்கிறேன் என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"பாடுறது என்ர தம்பி," என்றாள்.

"உண்மையாவோ! நான் முன்வரிசையில நிப்பன் எண்டு சொல்லும்."

அவள் கடலைப் பார்த்தாள்.

"அவன் போன கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டான் அக்கா. அப்பாவுக்கு இனித் தொழிலுக்குப் போக ஏலாது."

"அப்ப விழா?"

"அவன் இல்லாமல் மற்றப் பொடியள் மேடையில ஏறமாட்டினமாம்."

பிறகு அவளே கேட்டாள்.

"அதை இன்னொருக்காப் போடுவீங்களோ? வீட்டில சத்தம் எண்டு அவனை ஏசினதுதான். ஒருத்தரும் முழுசாக் கேக்கேல்லை."

ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். முடியும்போது அவள் முகத்தை மூடியிருந்தாள்.

இதை வாசிக்கிற ஆராவது என்னோட விழாவுக்கு வாறியளோ? தனியப் போய் மற்றவைக்குக் கைதட்ட மனமில்லை.